மூன்றாவது ஊர்

அன்று அவஷோனியின் வீட்டுக்குள் இருந்தவர்கள்: ஆஸ்பத்திரி நர்ஸ், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மொழி ஆய்வாளர் ராம்புடா, அவள் மகன் ரோபிவாவுக்குத் தொப்புள்கொடி அறுத்த பக்கத்து வீட்டு போபி, பிறகு அந்த ஆள்.

அவஷோனி அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோகன்னஸ்பர்க்கில் யாரோ அவன் மண்டையில் அடித்து, எரிகிற குப்பையில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். பேர் மறந்துவிட்டது, ஊர் மறந்துவிட்டது. பேச்சு மட்டும் மிச்சம்.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் ராம்புடா இங்கே வந்தார். ‘வீட்டில்’ என்று இவன் சொன்னால் ‘வீடு’ வெண்டா மொழி, ‘இல்’ சோத்தோ மொழி. வெண்டாச் சொல்லுக்கு சோத்தோ வால் ஒட்டுகிறவர்கள் மலைக்கு இந்தப் பக்கம் மூன்று ஊரில்தான் என்றார். தலைமுறை தலைமுறையாக சோத்தோக்காரிகளைக் கட்டினால் வேறெப்படிப் பேசுவார்கள் என்று போபி முனகினாள்.

மற்ற இரண்டு ஊரிலும் அவனைத் தெரியுமென்று யாரும் சொல்லவில்லை. இது மூன்றாவது. அவஷோனியும் கைவிரித்தால் ஆதரவற்றோர் விடுதிக்கே அவன் திரும்ப வேண்டியதுதான் என்றாள் நர்ஸ்.

தக்காளி லாரியில் ஏறிப்போன ரோபிவா திரும்பவில்லை. அன்றிலிருந்து அவஷோனி கதவைப் பூட்டுவதில்லை. தள்ளினாலே திறக்க வேண்டும் என்பாள். திருடனுக்கு விருந்தா என்று ஊர் சிரிக்கும்.

வயது ஒத்துப்போனது. உயரமும். முகம்தான் பாதி வெந்திருந்தது.

பசிக்கிறதா என்று கேட்டாள். காலையில் சாப்பிட்டேன், ஆனால் இந்த வீட்டில் கீரை மணக்கிறது என்றான் அவன். சோத்தோ வால் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

தன்னை ஒருமுறை அம்மா என்று கூப்பிடச் சொன்னாள்.

கூப்பிட்டான்.

பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவள் காத்திருந்த சொல். சால்வையால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு, இதே பேச்சுதான், என் பிள்ளைதான் என்றாள்.

நர்ஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ராம்புடாவுக்கும் கண் கலங்கியிருந்தது. கார் கிளம்பிப் போனது.

அவன் உள்ளே களியைப் பிட்டுக்கொண்டிருந்தான். போபி வாசற்படியில் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

“உன் மவன் என்னைக்குடி வாயத் திறந்து பேசினான்? பொறவி ஊமைடி அவன்.”

“இப்பப் பேசுறான்ல,” என்றாள் அவஷோனி. “நீ போ.”

போபி படியிறங்கினாள்.

அவஷோனி கதவைச் சாத்தினாள். சாவி துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் திருகிப் பூட்டினாள்.