கடைசி மூடி

கூரைக் காற்றுத் துவாரத்தின் மூடி விரிசல் விட்டு, படுத்துத் தங்கிப் பயணிக்கும் வெர்னின் பழைய கேம்பர் வண்டிக்குள் மழை ஒழுகியது. கோழிகள் மேயும் முற்றத்தில் நின்று வண்டிக் கம்பெனிக்காரியிடம் போனில் கத்தினான்.

“அந்த மூடி இப்ப வர்றதில்ல சார்.”

“முப்பது வருஷம் உழைக்கிற வண்டிய வித்துட்டு, ஒரு பிளாஸ்டிக் மூடி குடுக்க வக்கில்லையா?”

“கடைசியா ஒண்ணு இருந்துச்சு. போன மாசம் தள்ளுபடி விலைல, உங்க மான்டனா மாநிலத்துலேருந்தே ஒரு அம்மா வாங்கிட்டாங்க.”

ஆத்திரத்தில், கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் தட்டை எட்டி உதைத்தான். சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது.

“எந்த வண்டிக்காம்?”

“வண்டிக்கில்ல சார். கவுத்துப் போட்டு, கோழிக்குத் தண்ணி வைக்கவாம்.”

மனைவி டார்லீன் வாசலுக்கு ஓடி வந்தாள்.

“அடப்பாவி! போன மாசந்தானே வாங்குனேன், அதையா ஒடச்சே?”