ஒரு நாள் முந்தி

"ஏம்மா, இதுல அருந்ததி எதுன்னு நீயாவது காட்டுவியா?"

கல்யாணத்தன்று சாயங்காலம் அருந்ததி பார்க்க மண்டபத்து வாசலுக்கு வந்தபோது, மாமனார் ஜம்புநாதன் ஸ்ரீலக்ஷ்மியிடம் கேட்ட கேள்வி அது. வானியல் ஆராய்ச்சி செய்கிற மணப்பெண் அண்ணாந்து பார்த்தாள். எதுவென்று தெரியாமல் பார்த்தபடியே நின்றாள். அவள் வேலையெல்லாம் ரேடியோ அலைகளோடும் கம்ப்யூட்டரோடும்தான்.

அதன்பின் ஆறு வருஷம், புனேயில் ஔந்த் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பியோடு சேர்த்து இந்தக் கதையையும் அவர் பரிமாறினார். வந்தவர்கள் சிரித்தார்கள். கணவன் தேஜஸும் கூடச் சிரித்தான்.

ராணுவக் கணக்குத் துறையில் ஓய்வுபெற்ற ஜம்புநாதனுக்கு இப்போது ஒரே பைத்தியம், நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வானியலாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். அவற்றை வைத்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டார்.

சென்னையிலிருந்த தமிழ் உதவியாளர் ஒருவர், நாலாம் தேதி விடியுமுன் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டதாக லண்டனுக்கு எழுதியிருந்தார். பூனாவிலிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், அதையே ஐந்தாம் தேதி விடியுமுன் கண்டதாகத் தன் சிநேகிதருக்கு எழுதியிருந்தார். பேரும் புகழும் வெள்ளைக்காரருக்குப் போயின. நம்மவர்தான் ஒரு நாள் முந்தி என்பது ஜம்புநாதனின் வாதம்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் அதை வாசிக்க ஏற்பாடாகியிருந்தது.

"தேதியெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்துடு. நீ சரின்னு சொன்னாத்தான் நான் மேடையேறுவேன்" என்று அவளிடம் கொடுத்தார்.

இரண்டாவது பக்கத்திலேயே ஸ்ரீலக்ஷ்மி தப்பைப் பிடித்துவிட்டாள். அந்தக் காலத்து வானியலாளர்களுக்கு நாள் நடுப்பகலில்தான் பிறக்கும். ஓர் இரவு இரண்டு தேதிகளாக உடையக் கூடாதென்று அப்படி வைத்திருந்தார்கள். உதவியாளர் அந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார், வெள்ளைக்காரர் ஊர்க் காலண்டர்படி எழுதியிருக்கிறார். உதவியாளரின் நாலாம் தேதி, ஊர்க் காலண்டரின் ஐந்தாம் தேதி நடுப்பகல்வரை ஓடும். நாலும் ஐந்தும் ஒரே விடியல்.

சொல்லிவிடலாம் என்றுதான் அவர் அறை வாசல்வரை போனாள். உள்ளே அவர் போனில் யாருக்கோ அருந்ததிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "எல்லாம் சரியா இருக்குப்பா" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. தன் ஆய்வு நிலையத் தலைவர் ரவிசந்திரனையும் கூட்டத்துக்கு அழைத்தாள். பழைய தேதிக் கணக்கில் அவரை ஏய்க்க முடியாது. அவள் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. வேலையை நிரந்தரமாக்குவதும் அவர் கையில்தான். வீட்டு மனிதராக நினைத்துக் கூப்பிட்டால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

ஹால் நிறைந்திருந்தது. ஜம்புநாதன் எடுத்த எடுப்பில் அருந்ததிக் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், முன்வரிசையில் ரவிசந்திரனும். இன்னும் அரைமணி நேரம்தானே என்று ஸ்ரீலக்ஷ்மியும் சிரித்துவைத்தாள்.

வாசித்து முடித்ததும் கைதட்டல் எழுந்தது. அது ஓயக் காத்திருந்து ரவிசந்திரன் எழுந்தார்.

"நல்லா இருந்துச்சுங்க சார். ஆனா அந்தக் காலத்துல வானியல்காரங்களுக்கு நாளே மத்தியானந்தானுங்க ஆரம்பிக்கும். உங்க நாலும் அஞ்சும் ஒரே ராத்திரிங்க. எங்க துறையில இது அரிச்சுவடி. யாரும் சொல்லலீங்களா?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். ஜம்புநாதன் இரண்டாவது பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். ஸ்ரீலக்ஷ்மிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவர் கண்கள் கூட்டத்தைத் துழாவி அவளிடம் வந்து நின்றன. முகம் தெளிந்தது.

"எனக்கென்ன சார் தெரியும், நான் கணக்கு ஆபீஸ்காரன். தேதி பூரா பாத்து சரின்னு சொன்னது உங்க ஸ்ரீலக்ஷ்மிதான். அவளையே கேளுங்கோ, சொல்லுவா."

அத்தனை தலைகளும் திரும்பின. தெரியாது என்றால் வேலை இல்லை. தெரியும் என்றால் வீடு இல்லை. அவள் எழுந்து நின்றாள்.

ரவிசந்திரன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.