சலாமும் சவர்க்காரமும்

ஹிஷாம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு, குறைமாதப் பிள்ளைகள் வார்ட்டின் வாசலுக்கு வந்தார். யாரையோ பார்க்க வந்திருந்த அவருடைய மாமா, சலாம் சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். ஹிஷாமும் நீட்டினார்.

"திரும்பக் கழுவிட்டு வாங்க," என்றார் வாசலில் நின்ற சிஸ்டர் றொஷானா.

கழுவி வந்தார். இம்முறை பள்ளிவாசல் தலைவர் கை நீட்டினார்.

"போங்க, கழுவுங்க."

"சலாத்துக்குக் கை குடுக்காம எப்பிடி சிஸ்டர் இரிக்கிற? கோவிச்சிருவாங்க."

"அவங்கட கோவம் ஆறிரும். உள்ளுக்க ஒரு பிள்ளைட ரத்தத்தில பங்கசுக் கிருமி. மத்தப் பிள்ளைகளுக்கும் பரவினா என்ன செய்யிற? கதவில ஒட்டியிருக்கிறத வாசிங்க."

"இங்கு யாருக்கும் கை கொடுக்க வேண்டாம்," என்று ஹிஷாம் மெதுவாக வாசித்தார்.

"கீழ ஆருட கையெழுத்து?"

"என்டதான்," என்ற டொக்டர் ஹிஷாம், மூன்றாம் முறையாகக் குழாயடிக்குப் போனார்.