சந்திரம்மாவின் தப்பான விடைகள்

"குறுகலான பாலம். எதிர்ல ஒரு லாரி ஏற்கெனவே பாலத்துமேல ஏறிடுச்சு. நீ என்ன பண்ணுவ, சந்திரம்மா?"

"ஹாரன் அடிச்சிக்கினே பூந்துடுவேன் மேடம். லாரிக்காரன் தானா நிப்பான்."

ஸ்வர்ணா தலையில் அடித்துக்கொண்டாள். "நிக்க மாட்டான், நசுக்கிட்டுப் போவான்! லாரி தாண்டுற வரைக்கும் நீதான் இந்தப் பக்கம் காத்திருக்கணும்."

"ஏன் மேடம்?"

இந்த 'ஏன்'தான் நான்கு நாட்களாக ஸ்வர்ணாவைப் பாடாய்ப் படுத்துகிறது.

வண்டி ஓட்டப் பழக அனுமதி தரும் எல்.எல்.ஆர். தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள் ஸ்வர்ணா. வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. இன்னும் மூன்று மாதத்தில் அவளுடைய அலுவலகம் ஆனேக்கலுக்கு அப்பால் மாறுகிறது. அவர்கள் குடியிருக்கும் பொம்மனஹள்ளியிலிருந்து அங்கே நேரடி பஸ் கிடையாது. வீட்டுக் காரை ஓட்டத் தெரிந்தால்தான் வேலை. தெரியாவிட்டால் பத்தொன்பது வருட வேலைக்கு ஒரு கும்பிடு.

"உனக்கு இதெல்லாம் வராது. ராஜினாமா குடுத்துட்டு வீட்டு சமையலைப் பாரு" என்று கணவர் கேசவ் தீர்ப்பே சொல்லிவிட்டார். முதல் இரண்டு தேர்வுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு விடை தப்பினால் ஊரே கேட்கும்படி கத்துவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்தச் சத்தம்தான் ஸ்வர்ணாவின் காதில் கேட்கும், விரல் உறைந்துவிடும்.

தடுமாறிய கேள்விகளையெல்லாம் புத்தகத்தில் பென்சிலால் சுழித்து, புத்தகத்தை ஃப்ரிட்ஜ் மேல் வீசிவிட்டாள். அப்போதுதான் சமையலுக்கு வரும் சந்திரம்மா ஆரம்பித்தாள்.

"மேடம், நானும் எல்.எல்.ஆர். எழுதலாம்னு இருக்கேன். அந்த புக்குல இருக்கறத எனக்குச் சொல்லிக் குடுங்களேன்."

"நீயா? உன்கிட்ட வண்டி இருக்கா?"

"சும்னே, சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான் மேடம்."

எதற்காக என்று எவ்வளவு துருவியும் அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. ஸ்வர்ணாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. சரி, பார்ப்போமே என்று கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"மலைப்பாதை. ஒரு வண்டி ஏறுது, ஒண்ணு எறங்குது. யாருக்கு வழி விடணும்?"

"எறங்கற வண்டிக்கு. பாவம், பிரேக் புடிக்குமோ புடிக்காதோ."

"தப்பு. ஏறுற வண்டிக்கு."

"ஏன் மேடம்?"

ஸ்வர்ணா விடையை மனப்பாடம் செய்திருந்தாளே தவிர, ஏன் என்று அவளும் யோசித்ததில்லை. சப்பாத்திப் பலகையைச் சாய்த்துப் பிடித்து ஒரு எலுமிச்சம்பழத்தை மேலே உருட்டிப் பார்த்தாள். கையை எடுத்ததும் பழம் கீழே ஓடி வந்தது.

"பாத்தியா? ஏறும்போது நிறுத்தினா வண்டி பின்னால உருளும். மறுபடி எடுக்கறதும் கஷ்டம். அதான் அதுக்கு முதல் வழி!"

"அட, ஆமா மேடம்!" என்றாள் சந்திரம்மா, வாயைப் பிளந்து.

வேடிக்கை என்னவென்றால், ஸ்வர்ணாவுக்கு எங்கெல்லாம் சறுக்கியதோ அங்கெல்லாம் சந்திரம்மாவுக்கும் சறுக்கியது. மற்ற கேள்விகளுக்கு டாண் டாண் என்று பதில் வந்தது. நல்ல வேளை, என்னைப் போல இன்னொரு மக்கு இருக்கிறாள் என்று ஸ்வர்ணாவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

"கடைசிக் கேள்வி. எல் போர்டு மாட்டி ஓட்டும்போது பக்கத்துல யாரு இருக்கணும்?"

"ஊட்டுக்காரரு."

ஸ்வர்ணா சிரித்துவிட்டாள். "வீட்டுக்காரர்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் போதும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்!"

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார்கள். ஸ்வர்ணாவை முதலில் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து, கையில் காகிதத்தோடு ஓடிவந்தாள்.

"பதினஞ்சுக்குப் பதினாலு, சந்திரம்மா! ஒவ்வொரு கேள்விக்கும் நீ எதிர்ல நின்னு 'ஏன் மேடம்'னு கேக்கற மாதிரியே இருந்துச்சு. பயமே வரல!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி, உன்னை எப்ப கூப்பிடறாங்க? போ, போய் வரிசையில நில்லு."

"நான் எதுக்கு மேடம்? வாங்க, சாயங்காலமே காரை எடுத்துப் பழகலாம்."

"எப்படி எடுக்கறது? பக்கத்துல லைசென்ஸ் இருக்கறவங்க வேணுமே. அவர் உக்காந்து கத்தினா நான் ஓட்டின மாதிரிதான்."

சந்திரம்மா பையைத் துழாவி, ஓரம் தேய்ந்த ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். ஸ்வர்ணா வாங்கிப் பார்த்தாள். சந்திரம்மாவின் படம் போட்ட டிரைவிங் லைசென்ஸ்.

"கார்மென்ட்ஸ் கம்பெனி வேன் ஓட்டினேன் மேடம், எட்டு வருஷம். கம்பெனியை மூடினப்புறம்தான் கரண்டி புடிச்சேன்."

ஸ்வர்ணா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்புறம் ஏன்... அத்தனையும் தப்பு தப்பா சொன்னீங்க?"

"அத்தனையும் எங்க மேடம் சொன்னேன்? புக்குல நீங்க பென்சில்ல சுழிச்சு வெச்சிருந்தீங்களே, அதுங்கள மட்டும்தான்."