நூறாவது கடையில் முதல் சோப்பு

கதவு திறந்ததும் கூட்டம் திமுதிமுவென்று உள்ளே வந்தது. வந்து, அப்படியே நின்றது.

யாரும் எதையும் தொடவில்லை.

கம்பெனிக்கு இது நூறாவது கடை. ஏழாவது கடையில் பில் போடச் சேர்ந்த என் மகள்தான் இதற்கு மேனேஜர். முதல் நாள் வியாபாரம் படுத்தால் மறுபடி பில் மெஷினுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே விலை குறைவு, ஆளும் குறைவு. சாமான் வந்த அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தை அறுத்து, பெட்டியோடு வைத்துவிடுவார்கள். நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவுக்கு அது புரியவில்லை போல என்று நினைத்தேன். எல்லோரும் வெறும் பையைச் சுருட்டிப் பிடித்தபடி சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் பட்டவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் வாட்ச்சைப் பார்த்தார். மகள் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் சோப்புக்குப் பஞ்சமே கிடையாது. இருந்தாலும் முன்னால் போய், பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சோப்பை எடுத்துக் கூடையில் போட்டேன். இன்னொன்று. அப்புறம் ஒரு எண்ணெய் பாக்கெட்.

எங்கள் தெருத் தையல்காரம்மா மெதுவாக ஒரு சோப்பை எடுத்தார். மோந்து பார்த்தார். நாலாக எடுத்தார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் சர்க்கரை காலி. இன்னொரு லாரிக்குப் போன் போனது. பில் மெஷின் சத்தம் நிற்கவே இல்லை.

தலைமை அலுவலகத்துக்காரர் என் மகளிடம், “நூறு கடையிலயும் மொத நாள் வியாபாரத்துல இப்பவே நீங்கதான் ஃபர்ஸ்ட்டு மேடம்” என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே வரும்போது தையல்காரம்மா பையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

“நீங்க மொதல்ல கைய வச்சீங்க, நாங்களும் வச்சோம். இல்லன்னா உங்க கண்ணு முன்னாடியே எப்படிண்ணே எடுக்கறது?”

அவர் பையைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.

எதிரே என் மளிகைக்கடை. இத்தனை வருஷமும் இவர்களுக்குச் சோப்பும் சர்க்கரையும் நான் எடுத்துக் கொடுத்த கடை.

இன்று காலையில் ஷட்டரை நான் தூக்கவே இல்லை.