கோணல் பீடம்

இப்போதெல்லாம் எவன் செத்தாலும் சிலை வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் கணக்கு வாத்தியார் ஞானப்பிரகாசத்துக்கு மார்பளவுச் சிலையாம். பீடம் கட்ட என்னைக் கூப்பிட்டான் பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் இன்பராஜ். "நீங்களும் சார்கிட்டப் படிச்சவருதானே அண்ணாச்சி."

படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் நான் போட்ட மார்ஜின் கோணல் என்று ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் மொளியிலேயே அடித்தான் ஞானப்பிரகாசம். "ஒனக்கு ஜென்மத்துக்கும் நேர்க்கோடு வராதுலே" என்று நோட்டை ஜன்னலுக்கு வெளியே எறிந்தான். அதை எடுக்கப் போனவன் வகுப்புக்குத் திரும்பவே இல்லை. கொத்தனாருக்குக் கையாளாகப் போய்விட்டேன்.

பீடத்தைக் கோணலாகக் கட்டி, காலத்துக்கும் அவனைச் சாய்த்து வைக்க வேண்டும் என்றுதான் வேலைக்கு ஒத்துக்கொண்டேன். நாலு வரிசை செங்கலைச் சாய்த்து வைத்துவிட்டு, கோணல் எவ்வளவு என்று பார்க்க ரசமட்டத்தை வைத்தேன். துளிக் கோணல் இல்லை என்று குமிழி நட்டநடுவில் நின்றது. அத்தனையையும் பிரித்துப்போட்டேன். இந்தத் தடவை நூலே பிடிக்காமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கட்டி முடித்தேன். குமிழி அதே இடத்தில் நின்றது. விரல் மொளி விண்ணென்று வலித்தது.

இன்பராஜ் வந்து பீடத்தைத் தடவினான். "என்னா நேராக் கட்டியிருக்கீங்க! எல்லாம் சார் போட்ட அஸ்திவாரம், அண்ணாச்சி."

"அஸ்திவாரம் போட்டது நான்லே. அவன் அடிச்சான், அவ்வளவுதான்."

ரசமட்டம் பழசு. குமிழி நடுவில் எங்கேயாவது சிக்கியிருக்கும். புதுசு வாங்கி வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டு, கொத்துக் கரண்டியைக்கூடக் கழுவாமல் நடந்தேன்.