இரண்டு திரைகள், ஒரு கைரேகை

ஒட்டாவா பல்கலைக்கழகக் கூடத்தின் கண்ணாடிச் சுவர் வழியே மே மாத வெயில் நிரலாளர் ஓடீலின் மடிக்கணினி மீது விழுகிறது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதற்கே உரிய கைரேகையைப் போல அறுபத்து நான்கு எழுத்துகளைத் தரும் ஒரு வசதியை, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் தரவுத்தளத்துக்குள்ளேயே சேர்ப்பதற்காக அவர் இரண்டாண்டுகள் உழைத்திருக்கிறார். நண்பகலுக்குள் அத்தரவுத்தளக் குழுவின் மூத்தவரான வெண்டெல் ஏற்காவிட்டால் அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இன்னும் ஒன்பது நிமிடங்களே இருக்கின்றன. பேகல் ரொட்டியைக் கடித்தபடி வெண்டெல் கடைசிச் சோதனையாக 'ஒட்டாவா' என்ற சொல்லைத் தம் கணினியின் பழைய கருவியிடம் கொடுக்கிறார்; ஓடீலும் அதையே தம் புதிய வசதியிடம் கொடுக்கிறார். இரு திரைகளிலும் வெவ்வேறு கைரேகைகள் தெரிகின்றன. "என்ன ஓடீல், ஒரு ஊருக்கு ரெண்டு ரேகையா?" என்கிறார். ஓடீல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிறார். எழுந்து சென்று வெண்டெலின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவரின் முகம் மலர்கிறது. "ஃபைல்ல அந்த வார்த்தைய எழுதிட்டு என்டர் தட்டியிருக்கீங்க வெண்டெல். அதையும் சேத்துத்தான் உங்க மெஷின் ரேகை எடுத்திருக்கு." வெண்டெல் தலையில் கைவைத்துக்கொள்கிறார். "அடக் கடவுளே! முப்பது வருஷமா புதுசா வர்ற ஒருத்தர் விடாம இதுக்குத்தான் திட்டிட்டிருக்கேன்!" அந்த வெற்றுவரியை அவர் அழிக்கிறார். இரு திரைகளிலும் இப்போது ஒரே கைரேகை. சிரிப்பை அடக்க முயலும் ஓடீலை நோக்கி, ஏற்புக் கட்டளையை அடித்து முடித்த விரலை உயர்த்திப் பிடித்து, வெண்டெல் மிகுந்த பணிவுடன் கேட்கிறார்: "இந்த என்டரையாவது தட்டலாமா?"